அணைக்கட்டு பஸ்ஸும் ஒரு வெளிநடப்பும்

அணைக்கட்டு
12.6.2025

அன்புள்ள தம்பி இன்பராஜுக்கு, மெர்சி அக்கா எழுதுவது.

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன்னுடையதற்குப் பிறகு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். பஸ் நகரும்போது என் லைன் ஜஹீதா ஓடி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உன் தம்பி கமிட்டிலேர்ந்து வெளிநடப்பு பண்ணிட்டாரு!" என்றாள். நான் விசில் அடித்தேன். இரண்டு விரலை வாயில் வைத்து, இந்த நாற்பத்தெட்டு வயதில். டிரைவர் சத்தார் போலீஸ் நிறுத்துகிறது என்று பிரேக் போட்டுவிட்டார். மாதனூரில் வண்டியை நிறுத்தச் சொல்லி நாற்பத்தொரு பேருக்கும் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். "இன்னா விசேஷம்க்கா?" என்று கேட்டவளிடமெல்லாம், "நம்ம ஆளு எதிர்த்துட்டான்டி" என்று சொன்னேன்.

என்மேல் என்ன தப்பு? வெளிநடப்பு என்றால் நான் டிவியில்தான் பார்த்திருக்கிறேன். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வருவார்கள், வெளியே மைக் காத்திருக்கும். அந்த முகங்களைப் பார்த்தால் தோற்றுவிட்டு வருகிறவர்கள் மாதிரியா இருக்கிறது? கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் மாதிரி இருக்கும். அதனால் நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு எல்லாரும் ஸ்டாப்பில் நிற்கிறோம். பஸ் வரவில்லை. ஆறு ஆனது. சுந்தரிதான் சத்தாருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது: "பஸ் ஷெட்ல நிக்குதும்மா. எடுக்காதேன்னு சொல்லிட்டாங்க. நேத்து கமிட்டில முடிவாயிடுச்சாம். உங்களுக்குத் தெரியாதா?"

நாற்பத்தொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி, "மிட்டாய் நல்லா இருந்துச்சுக்கா" என்றாள்.

டேய் தம்பி, ஓட்டு கேட்டு வந்தபோது நீதானே எங்களுக்குப் பாடம் எடுத்தாய்? கமிட்டியில் நிர்வாகத்து ஆட்கள் ஐந்து, தொழிலாளி ஆட்கள் ஐந்து. சரிசமமாக நின்றால் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. அதனால் ஒரே ஒரு கைகூட முக்கியம் என்று. அந்த ஒரு கை உன் கைதான் என்று சொல்லி நான் தையல் லைனில் மெஷின் மெஷினாகப் போய் உனக்கு ஓட்டு வாங்கினேன். இப்போது அணைக்கட்டு பஸ்ஸை நிறுத்தலாமா என்று கேட்ட நேரத்தில் அந்தக் கை எங்கே இருந்தது? கதவுக்கு வெளியே இருந்தது. ஐந்துக்கு நாலு. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்த எனக்கே இந்தக் கணக்கு வருகிறது. நீ பி.ஏ.

நீ நாலு தடவை போன் அடித்தாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ மேடையில் ஏறிவிடுவாய், நான் கெட்ட வார்த்தையில் இறங்கிவிடுவேன். கடிதத்தில் இரண்டும் கஷ்டம். ஜஹீதா ஆம்பூர்க்காரி, உன் தெருவைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறாள். அவள் டிபன் பையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலும் அப்படியே வரட்டும்.

ஏன் எழுந்தாய் என்று மட்டும் எழுது.

உன்னை ஜெயிக்க வைத்து இன்று நடந்தே வேலைக்கு வருகிற
மெர்சி


ஆம்பூர்
14.6.2025

மதிப்பிற்குரிய மெர்சி அக்கா அவர்களுக்கு, இன்பராஜ் வணக்கத்துடன் எழுதுவது.

தங்கள் கடிதம் கிடைத்தது. எள்ளலுக்கு நன்றி. தாங்கள் நடந்து வரவில்லை, பள்ளிகொண்டா வரை டவுன் பஸ்ஸிலும் பிறகு ஆம்பூர் பஸ்ஸிலும் வருகிறீர்கள் என்று ஜஹீதா சொன்னார்.

நடந்ததைச் சொல்கிறேன். அணைக்கட்டுப் பெண்களுக்குத் தனி பஸ் தேவையா என்ற பேச்சு வந்ததும் நான் எழுந்து அரைமணி நேரம் வாதாடினேன். மேனேஜர் செல்போனைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னார்: "முடியாதவங்க ஆம்பூர்ல வாடகைக்கு வீடு எடுத்துக்கட்டும். இல்லைன்னா ஊர்லயே மாடு மேய்க்கட்டும். இதுக்கு ஏன் மிஸ்டர் இன்பராஜ் லெக்சர் அடிக்கிறீங்க?" இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் மனிதனா? அஜெண்டா தாளைக் கிழித்துப் போட்டேன். "உழைக்கும் பெண்களை அவமதிக்கும் இந்த அவையில் ஒரு நொடியும் இருக்கமாட்டேன், வெளிநடப்பு செய்கிறேன்" என்று சொன்னேன். செய்தேன். எங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்தேன்.

தாங்கள் டிவியில் பார்த்ததை வைத்து ஏளனம் செய்கிறீர்கள். அந்தச் சொல்லின் பொருளும் பிறப்பும் தங்களுக்குத் தெரியாது. அது கோழைகளின் சொல் அல்ல. எதிர்க்கட்சிக்காரன் கையில் வேறு ஒன்றும் இல்லாதபோது இருக்கிற ஆயுதம். நான் தேடிப் படித்தேன். வாக்-அவுட் என்கிற ஆங்கில வார்த்தைக்கு நாம் வைத்துக்கொண்ட தமிழ்தான் வெளிநடப்பு. அந்த ஆங்கில வார்த்தை சட்டசபையிலே பிறந்தது அல்ல. தொழிலாளர்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றாக ஆலையை விட்டு வெளியேறியதைத்தான் முதலில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். பிறகுதான் அது சபைகளுக்குள் போனது. ஆகவே, அக்கா, நான் எடுத்தது நம்முடைய ஆயுதம். தொழிலாளியின் ஆயுதம்.

மேனேஜர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கும் வரை அந்த அறைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று கேட் மீட்டிங்கில் அறிவித்திருக்கிறேன். கைதட்டல் ஓய இரண்டு நிமிடம் ஆனது. கட்சி அலுவலகத்திலும் சிறிய பாராட்டு வைத்தார்கள். படம் குரூப்பில் போட்டிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள்.

பஸ்ஸை நிறுத்தியது ஒரு மாதச் சோதனைக்குத்தான். அடுத்த கூட்டத்தில்தான் நிரந்தர முடிவு. அதற்குள் அவர்களே இறங்கி வருவார்கள். பொறுமையாக இருக்கும்படி பெண்களிடம் சொல்லுங்கள்.

தோழமையுடன்,
இரா. இன்பராஜ்
தொழிலாளர் பிரதிநிதி


அணைக்கட்டு
19.6.2025

தம்பி இன்பராஜுக்கு,

அன்புள்ள என்ற வார்த்தையை இந்த வாரம் போடவில்லை. ஸ்டாக் இல்லை.

படம் பார்த்தேன். பள்ளிகொண்டாவில் ஹைவே ஓரமாக நின்றுகொண்டு பார்த்தேன். பின்னால் நாற்பத்தொரு பேர். சிகப்புச் சால்வை போர்த்தி, இரண்டு கையையும் கூப்பி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நிற்கிறாய். அந்த நேரத்தில் மூன்றாவது ஆம்பூர் பஸ் எங்களைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனது. இவ்வளவு பெண்கள் கும்பலாக டிபன் பையோடு நின்றால் எந்த டிரைவர் நிறுத்துவான்? நாங்கள் ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து தூரத் தூர நின்று, சம்பந்தமே இல்லாதவர்கள் மாதிரி ஏறுகிறோம். நாற்பத்தெட்டு வயதில் திருடி மாதிரி பஸ் ஏறக் கற்றுக்கொண்டேன், உன் புண்ணியம்.

பொறுமையாக இருக்கச் சொல்லியிருந்தாய். சொன்னேன். அவர்கள் உனக்குச் சொல்லச் சொன்னதை எழுதினால் ஜஹீதாவின் டிபன் பை தீட்டாகிவிடும்.

சுந்தரி கதை உனக்குத் தெரியும். மாமியார் படுக்கை, புருஷன் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம், பிள்ளை ஒன்றாம் வகுப்பு. அவள் வீடு ஊருக்கு இன்னும் உள்ளே. இரண்டு நாள் லேட். ஏழரைக்கு கேட் சாத்துகிறார்கள், ஏழு முப்பத்தாறுக்குப் போய் நின்றாள். ஒரு மாதத்தில் மூன்று லேட் ஆனால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது எந்த நாளோ என்று பயந்துகொண்டு அவள் இப்போது பிள்ளையைத் தூக்கத்திலேயே தூக்கிக்கொண்டு போய் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு வருகிறாள்.

நீ அந்தச் சொல்லின் பிறப்பை எழுதியிருந்தாயே, அதை நான் மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சத்தாரிடமும் படித்துக் காட்டினேன். அவர் இப்போது உள்ளூர் ரூட் ஓட்டுகிறார், ஷெட் வாசலில் பார்த்தேன். பஸ் ஓட்டுவதற்கு முன்னால் தோல் பதனிடுகிற ஷாப்பில் எட்டு வருஷம் தொட்டியில் நின்றவர். "இன்னாண்ணே, இது நெசமா?" என்று கேட்டேன்.

"வார்த்த எங்க பொறந்துச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா நாங்க ஒரு வாட்டி நடந்தோம். ஷாப்புல நூத்திருவது பேரு. பச்சைத் தோல் தொட்டில ஊறினு கெடக்குது. ஒருத்தன்கூட பேசல, கத்தல. கையக் கழுவினோம், நடந்தோம். மொத நாளு மொதலாளி சிரிச்சாரு. ரெண்டாம் நாளு தொட்டிலேர்ந்து வாட வந்துச்சு. மூணாம் நாளு அவரே கேட்டாண்ட வந்து நின்னாரு, மூக்குல கர்ச்சீப்போட. ஊறின தோலு, திருப்பிப் போட ஆளு இல்லைன்னா அழுகிடும் இல்ல?"

பிறகு அவரே கேட்டார்: "ஏம்மா, உன் தம்பி எழுந்து வந்தானே, அந்த ரூம்ல இன்னா அழுகுச்சு?"

நீயே பதில் சொல். நீ விட்டுவிட்டு வந்த இடத்தில் என்ன அழுகியது? அன்றைக்கு டீயும் சமோசாவும் வந்ததாமே, நீ போன பிறகு உன் பங்கு சமோசாகூட அழுகவில்லை, நம்ம பக்கத்துக் கமிட்டி ஆள் கன்னியப்பன் சாப்பிட்டுவிட்டான். நீ அவர்கள் வேலையை நிறுத்தவில்லை, சுலபமாக்கிக் கொடுத்தாய். தொட்டியை விட்டு நடந்தால் முதலாளிக்கு நஷ்டம். ஓட்டுப் போடுகிற ரூமை விட்டு நடந்தால் நஷ்டம் யாருக்கு? டிவியில் வருகிறவர்கள் சமாச்சாரம் வேறு. அவர்கள் உட்கார்ந்திருந்தாலும் தோற்பார்கள், தலை எண்ணிக்கை கம்மி. அதனால் எழுந்து வருகிறார்கள், ஊர் பார்க்கட்டும் என்று. உனக்கு எண்ணிக்கை கம்மியா? சரியாக இருந்ததடா பாவி. நீ ஒருத்தன் உட்கார்ந்திருந்தால் போதும். மாடு மேய்க்கச் சொன்னானாம், உனக்கு ரோஷம் வந்ததாம். அவன் சொன்னது எங்களை. எங்களுக்கு இல்லாத ரோஷமா? நாங்கள் மாடும் மேய்த்துவிட்டுத்தான் ஷூவும் தைக்க வருகிறோம்.

எதிர்ப்பைப் பதிவு செய்தாயாம். எந்த ரிஜிஸ்தரில்? கேட் ரிஜிஸ்தரில் சுந்தரி பெயர்தான் பதிவாகியிருக்கிறது, சிகப்பு மையில், இரண்டு தடவை.

அடுத்த கூட்டத்துக்குப் போ. உட்கார். கையைத் தூக்கு. மன்னிப்பு அப்புறம் கேட்டு வாங்கலாம்.

மெர்சி

சால்வை உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் விடிகாலையில் போர்த்திக்கொண்டு பள்ளிகொண்டாவுக்கு வா. அங்கே குளிரும்.


ஆம்பூர்
23.6.2025

அக்காவுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரம் பார்த்து உங்கள் ஊருக்கு வந்தேன். நேரில் விளக்கினால் புரியும் என்று நினைத்தேன். நீங்கள் எனக்கு உட்கார நாற்காலிகூடப் போடவில்லை. "இவருதான் எழுந்திருக்கிறதுல கெட்டிக்காரராச்சே, எதுக்கு உக்கார வைக்கணும்?" என்று உங்கள் வீட்டு வாசலில் இருபது பெண்கள் முன்னால் சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் மானம் இருக்கிறது அக்கா. நான் உங்கள் மெஷினுக்கு எதிர் மெஷினில் பத்தொன்பது வயதில் வந்து உட்கார்ந்த பையன் இல்லை. எனக்கு முப்பத்தேழு வயது.

சிரிக்காதவள் சுந்தரி ஒருத்திதான். வெள்ளிக்கிழமை மூன்றாவது லேட் ஆகி அவள் ஐ.டி. கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவள் வந்து கார்டு மாட்டுகிற நீலக் கயிற்றை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். வெறும் கயிறு. அதை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நேற்று முழுக்க அது அங்கேதான் இருந்தது. அதற்கு நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். அதற்குத் திட்டாமல் நாற்காலிக்குத் திட்டினீர்கள்.

சரி, கோபத்தோடு ஓர் உண்மையையும் எழுதிவிடுகிறேன். இதை எங்கேயும் சொல்லவில்லை.

நான் தனியாக வெளிநடப்பு செய்ய நினைக்கவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் நாங்கள் ஐந்து பேரும் பேசிவைத்தோம். பேச்சு மோசமாகப் போனால் நான் எழுவேன், மற்ற நாலு பேரும் பின்னாலேயே எழ வேண்டும். ஐந்து பேரும் போய்விட்டால் தொழிலாளர் பக்கம் ஒருத்தரும் இல்லாமல் கூட்டமே நடக்காது. அப்படித்தான் திட்டம். கன்னியப்பன் என் கையைப் பிடித்து, "நீ எழுந்தா நான் அடுத்த செகண்ட்" என்றார். நான் எழுந்தேன். பேசினேன். தாளைக் கிழித்தேன். நடந்தேன். திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் கெத்து போய்விடும். கதவைத் தாண்டியபிறகுதான் திரும்பினேன். பின்னால் யாருமில்லை. நான் போகும்போதே டீ உள்ளே வந்திருக்கிறது. கதவு தானாகச் சாத்திக்கொள்கிற கதவு.

வராந்தாவில் பத்து நிமிடம் நின்றேன் அக்கா. உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போயிருக்கலாம். ஓட்டு எடுக்க இன்னும் நேரம் இருந்தது, எனக்குத் தெரியும். கைப்பிடியில் கை வைத்தேன். உள்ளே போனால் மேனேஜர் என்ன சொல்வார் என்று யோசித்தேன். கையை எடுத்துவிட்டேன். இதைத்தான் நீங்கள் கேட்டீர்கள், ஏன் எழுந்தாய் என்று. எழுந்ததற்கு எனக்குக் காரணம் இருக்கிறது. திரும்பிப் போகாததற்குத்தான் இல்லை.

ஆனால் இப்போது என்னைப் போகச் சொல்லாதீர்கள். ஐநூறு பேர் முன்னால் கேட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். மன்னிப்பு வராமல் நான் உள்ளே போனால் அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியாது. ஆளுக்கு ஆள் விசில் அடித்தீர்கள், மிட்டாய் கொடுத்தீர்கள், சால்வை போட்டீர்கள். ஏற்றிவிட்டது நீங்கள். இப்போது இறங்கு என்றால் எப்படி?

இன்பராஜ்


அணைக்கட்டு
26.6.2025

தம்பிக்கு,

விசில் அடித்தது தப்புதான். அதை முதல் கடிதத்திலேயே ஒத்துக்கொண்டேன். நீ ஒத்துக்கொள்ள இரண்டு கடிதம் ஆனது. பி.ஏ. படித்தால் எல்லாமே லேட்டாகத்தான் வருமோ என்னவோ.

நாற்காலி போடாததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். சுந்தரி கார்டு போனதை நாங்கள் யாரும் சொல்லவில்லை என்கிறாயே, உன் கம்பெனியில் உன் தொழிலாளியின் கார்டைப் பிடுங்கினால் பிரதிநிதிக்கு யாரடா வந்து சொல்லவேண்டும்? நீ கமிட்டியில் இருந்திருந்தால் நீதான் எங்களுக்குச் சொல்லியிருப்பாய். நீ பாய்காட்டில் இருந்தாய்.

நேற்று புதன்கிழமை நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும், உன் யூனிட்டுக்கும் சேதி வந்ததாம். ஆனாலும் நானே சொல்கிறேன், நீ கேட்கவேண்டும் என்பதற்காக.

காலை பத்தேகாலுக்கு நான் மெஷினை அணைத்தேன். அவ்வளவுதான். பக்கத்து மெஷின் அணைந்தது, அதற்குப் பக்கத்தது அணைந்தது. அணைக்கட்டுப் பெண்கள் மட்டும் என்றுதான் பேசியிருந்தோம், ஆனால் ஜஹீதா எழுந்தாள், ஆம்பூர்க்காரிகள் எழுந்தார்கள், குடியாத்தம் ரூட்டுக்காரிகளும் எழுந்தார்கள். யாரும் உரை ஆற்றவில்லை. தாள் கிழிக்கவில்லை. கத்தரிக்கோலை மெஷின் மேல் வைத்தோம், நடந்தோம். கேட்டைத் தாண்டவில்லை, சைக்கிள் ஷெட் நிழலில் உட்கார்ந்தோம். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன், எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு. கெத்தெல்லாம் எனக்கு எதற்கு?

ஷூவுக்கு மேல்தோலான அப்பர் தைத்து வராமல் அடுத்த செக்‌ஷனில் எதை வைத்து ஷூ பண்ணுவார்கள்? பதினொன்றுக்கு அங்கேயும் பெல்ட் நின்றது. பெல்ட் நின்றால் அந்த ஹாலில் ஒரு அமைதி வரும், பதினெட்டு வருஷத்தில் நான் கேட்டதில்லை. பதினொன்று இருபதுக்கு உன் மேனேஜர் வந்தார். வெயிலில், தலையில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குள் கன்டெய்னர் ஏற்றவேண்டுமாம்.

"யாரு லீடர் உங்களுக்கு?" என்றார்.

"எங்க லீடரு பாய்காட்ல இருக்காரு சார்," என்றேன்.

சுந்தரி கார்டு விஷயமும் பஸ் விஷயமும் இரண்டும் தீரவேண்டும் என்றோம். "கமிட்டி எடுத்த முடிவ நான் தனியா மாத்த முடியாது" என்றார். "அப்ப கமிட்டியக் கூட்டுங்க" என்றோம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசேஷக் கூட்டம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபிறகுதான் எழுந்தோம். பஸ்ஸை நிறுத்தியது தொடரவேண்டும் என்று அவர்கள் தீர்மானம் வைப்பார்கள். அது தோற்றால் திங்கட்கிழமை பஸ் ஓடும், பஸ் இல்லாததால் வந்த லேட் எல்லாம் ரத்து, சுந்தரி கார்டு கைக்கு வரும். ஜெயித்தால் எதுவும் இல்லை.

இப்போது எண்ணிக்கொள். அவர்கள் ஐந்து. கன்னியப்பனையும் மற்ற மூன்று பேரையும் நேற்று நாங்கள் சைக்கிள் ஷெட்டில் நடுவில் உட்கார வைத்துப் பேசினோம். டீ டம்ளரைத் தொடமாட்டேன் என்று கன்னியப்பன் ஜஹீதா முன்னால் சத்தியம் செய்திருக்கிறான். நாலு கை ஆயிற்று. ஐந்தாவது எங்கே என்று நான் சொல்லவேண்டுமா?

உன்னைப் பார்த்து அவர் சிரிப்பார் என்று எழுதியிருக்கிறாய். சிரிக்கட்டும். நானும் சிரிப்பேன், ஊரே சிரிக்கும். ஒரு சிரிப்புக்குப் பயந்து ஒருத்தியின் சோற்றை விட்டுவிடுவாயா? வாக்குக் கொடுத்த ஐநூறு பேரையும் நான் பார்த்துக்கொள்கிறேன். "மெர்சிதான் அவனைக் காதைப் பிடித்து உள்ளே தள்ளினாள்" என்று சொல், பழியை நான் ஏற்கிறேன்.

அவர் உன்னைத் திட்டுவார். உட்கார்ந்திரு. எங்களைத் திட்டுவார். உட்கார்ந்திரு. மாடு மேய்க்கச் சொல்வார், பன்றி மேய்க்கச் சொல்வார், எழுந்திருக்காதே. எழுந்து வருவதெல்லாம் நாங்கள் நேற்றே செய்தாயிற்று. உள்ளே உட்கார்ந்து எதிர்க்க ஒரு ஆள்தான் எங்களுக்கு இல்லை.

நான் இன்னும் உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ போகவில்லை என்றால் இந்தக் கோபத்தை நான் சாகும்வரை வைத்துக்கொள்வேன். எனக்கு அதற்கு இடம் இருக்கிறது.

மெர்சி


ஆம்பூர்
28.6.2025

அக்காவுக்கு,

நேற்றே ஜஹீதா மூலம் முடிவு தெரிந்திருக்கும். ஆனாலும் நடந்ததை முறையாகத் தங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை.

பத்து ஐம்பத்தைந்துக்கு உள்ளே போனேன். மேனேஜர் நிமிர்ந்து பார்த்து, "வாங்க மிஸ்டர் இன்பராஜ், வழி தெரிஞ்சுதா?" என்றார். அவர் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். தாங்கள் சொன்னதுபோல உட்கார்ந்தேன். ஓரத்தில் காலியாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத்தான் எனக்கு விட்டிருந்தார்கள்.

ஒரு மணி நேரம் பேசினார்கள். படித்தவர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படி. அணைக்கட்டுப் பெண்களுக்கு ஒழுங்கு இல்லை என்றார்கள். புதன்கிழமை நடந்தது வெளியாட்கள் தூண்டிவிட்டது என்றார்கள். தலைமை இல்லாத கூட்டம் ஆட்டுமந்தை என்று மேனேஜர் என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கால் இரண்டும் தானாக எழப் பார்த்தன. நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு கோபம் எனக்கு அன்று வெளியே வந்தபோதுகூட இல்லை. உட்கார்ந்திருப்பது இத்தனை கஷ்டம் என்று யாரும் எந்த மேடையிலும் சொல்லி நான் கேட்டதில்லை. பையில் சுந்தரியின் கயிறு இருந்தது.

மன்னிப்பு எதுவும் கேட்கப்படவில்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

பதினொன்று ஐம்பதுக்கு டீ வந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் தொடவில்லை. கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

பன்னிரண்டு ஐந்துக்குத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஆதரித்து ஐந்து கை. "எதிர்ப்பவர்கள்?" என்று மேனேஜர் கேட்டார். கன்னியப்பனும் மற்ற மூவரும் கை தூக்கினார்கள். நானும் வலது கையைத் தூக்கினேன். ஒரு மணி நேரம் அழுத்திக்கொண்டிருந்ததாலோ என்னவோ, அப்போது நாற்காலியின் பின்கால் ஒன்று உடைந்தது. நான் தரைக்குப் போனேன். கையை இறக்கவில்லை.

உறுப்பினர் தம் இருக்கையில் இல்லாததால் வாக்கை எண்ண முடியாது என்று மேனேஜர் கூறினார். அதற்குக் கன்னியப்பன், "சார், விழுந்தாலும் ரூமுக்குள்ளதானே விழுந்தாரு?" என்று கேட்டார். இரண்டு பக்கமும் யாரும் சிரிக்கவில்லை. சிறிது நேரம் விதிமுறைப் புத்தகம் பார்க்கப்பட்டது. அதில் தரையைப் பற்றி ஒன்றும் இல்லை. வாக்கு எண்ணப்பட்டது. ஐந்துக்கு ஐந்து. தீர்மானம் தோல்வி. திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குச் சத்தார் வண்டியை எடுப்பார். சுந்தரியின் கார்டை நானே கையெழுத்துப் போட்டு வாங்கி, அந்தக் கயிற்றில் மாட்டி, ஜஹீதாவிடம் கொடுத்திருக்கிறேன்.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டுள்ளது. நான்காவது பத்தி பின்வருமாறு: "திரு. இரா. இன்பராஜ் தரையில் இருந்தபடி எதிர்த்து வாக்களித்தார். நாற்காலி ஒன்று சேதம். முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்திரி இல்லாததால், உறுப்பினரின் முழங்கையில் ஷூ ஒட்டும் டேப் ஒட்டப்பட்டது."

டேப் இன்னும் கழலவில்லை.

இன்பராஜ்